ஒன்பதாவது ஆணி

ரெமிஜியோ கொடுத்த ஹெல்மெட் உள்ளே வெதுவெதுப்பாக இருந்தது, யாரோ அரை நிமிடத்துக்கு முன்புதான் தலையிலிருந்து கழற்றிக் கொடுத்த மாதிரி. எர்சிலியா அதைத் தலையில் வைத்தவுடனே எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். நெற்றிப் பட்டையில் வியர்வை ஈரம். தாடைப் பட்டையின் கொக்கியில் ஒரு முடி சிக்கியிருந்தது. செம்பட்டை முடி, அவள் முழங்கை நீளம் இருக்கும்.

"இதை யாரு போட்டிருந்தாங்க?"

"யாரு போடப் போறாங்க? அக்டோபர் கடைசியில பூட்டுனது. ஏழு மாசம் கழிச்சு இன்னிக்குத்தான் கதவையே திறக்கறேன்."

"முடி இருக்கே."

"போன வருஷம் வந்த ஜெர்மன்காரியோடதா இருக்கும். நல்லா சாப்பிடறவங்க, முடியும் கெட்டியா இருக்கும்," என்றான் ரெமிஜியோ. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள்.

எர்சிலியாவும் சிரித்து வைத்தாள். அவள் முடி கறுப்பு, காதோடு வெட்டியது. அந்தச் செம்பட்டை முடியை இழுத்துத் தரையில் போட்டுவிட்டு ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டாள். நெற்றியில் பட்ட அந்த வெதுவெதுப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை.

காஸ்தெல்வேனாவில், ஊருக்கு அடியில் தோண்டியெடுத்த இந்தப் பழைய சுரங்கத்தின் வாசலுக்கு ரெமிஜியோதான் காவல்காரன், வழிகாட்டி, கணக்குப்பிள்ளை எல்லாம். காவலறைச் சுவரில் பன்னிரண்டு ஆணிகள், ஒவ்வொன்றின் கீழும் எண். இறங்கும்போது எடுத்த ஹெல்மெட்டை ஏறி வந்ததும் அதே ஆணியில் மாட்ட வேண்டும். மேயரே வந்தாலும் அதுதான் சட்டம். "ஆளை எண்ணினா ஒருத்தன் அங்க நிப்பான், ஒருத்தன் இங்க நிப்பான். ஆணிய எண்ணினா தகராறே இல்ல," என்பான். இருபத்திரண்டு வருடத்தில் ஒருவரைக்கூட உள்ளே விட்டுப் பூட்டியதில்லை என்று அவனுக்குப் பெருமை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. பூசை முடிந்து பன்னிரண்டு மணிக்கு இறங்கினார்கள். பக்கத்து ஊரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர்கள் எட்டுப் பேர், ஊர்ப் பல் மருத்துவர் கொர்ராதோ, அவர் மனைவி, எர்சிலியா, அவளுடைய ஆறு வயது மகள் நிவெஸ். பன்னிரண்டு ஆணியும் காலி. எர்சிலியாவுக்கு ஒன்பது, நிவெஸுக்குப் பத்து.

எர்சிலியா ஆசையாக வந்தவள் அல்ல. சுரங்கத் தரையில் பதித்திருக்கும் மீன்களைப் பார்த்து வரைந்துகொண்டு வா என்று நிவெஸின் பள்ளியில் சொல்லிவிட்டார்கள். வாரம் ஆறு நாளும் தபால் அலுவலக ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்துவிட்டு, ஏழாம் நாள் காலை ஆறு மணிக்கே "அம்மா, பல்லு ஆடுது பாரு" என்று எழுப்பப்பட்டவள். கணவன் பொலோஞ்ஞாவில் வேறொருத்தியோடு இருக்கிறான். மாதம் ஒரு ஞாயிறு வருவான், அதிலும் பாதி நாள் வரமாட்டான். பிள்ளையை உயிராகத்தான் வைத்திருந்தாள். ஆனாலும் யாரும் தன்னை "அம்மா" என்று கூப்பிடாத அரை மணி நேரம் கிடைத்தால் போதும் என்று அந்த வசந்தம் முழுக்க ஏங்கினாள்.

முப்பத்தெட்டுப் படிகள். கீழே போகப் போக மே மாத வெயிலின் வாசனை கழன்று, ஈரச் சுண்ணாம்பும் ஊறிய இலையும் கலந்த வாசனை மூக்கில் ஏறியது. எங்கோ நீர் சொட்டியது, சொட்டிய பிறகு அந்தச் சத்தம் சுவரைத் தடவிக்கொண்டு திரும்பி வந்தது. முதல் அறை ரோமானியரின் குளியலறை. கறுப்பும் வெள்ளையுமாகக் கல் பதித்த தரையில் மீன்கள் நீந்தின. நிவெஸ் நான்கு மீன்களை வரைந்தாள். வரைந்தபடியே நாக்கால் முன்பல்லை ஆட்டிக்கொண்டிருந்தாள். அடுத்தது ஆள் குனிந்து போகிற ஒரு குறுகல் வழி. அதைத் தாண்டினால் குழிகள் அறை. அதற்கும் அப்பால், கடைசியாக, பழைய நீர்த்தொட்டி. அதன் கூரையில் இருந்த இரும்புக் கிராதி வழியாகக் கோயில் சதுக்கத்து வெளிச்சம் ஒரு கட்டமாக உள்ளே விழுந்தது. சுரங்கம் அதோடு முடிகிறது. போன வழியாகத்தான் திரும்ப வேண்டும்.

குழிகள் அறையில் இரும்பு நடைபாதை மேல் எல்லோரையும் நிறுத்தி ரெமிஜியோ கீழே விளக்கடித்தான்.

"ரோமானியர் போயி, வீடு இடிஞ்சு, மண்ணு மூடி ரொம்ப காலம் கழிச்சு வடக்கேயிருந்து லொம்பார்துங்கன்னு ஒரு கூட்டம் படையெடுத்து வந்தாங்க. பாருங்க, மீன் மேலயே குழி வெட்டியிருக்காங்க. இந்தப் பெரிய குழியில ஒரு பொம்பளை. பக்கத்துல ஓடு அடுக்கிச் சின்னதா ஒண்ணு இருக்கே, அது அவ பிள்ளைக்கு. அவ எலும்பு இப்ப மியூசியத்துல பெட்டியில இருக்கு. சின்னதுல ஒண்ணுமே கிடைக்கல. சின்னப் பிள்ளை எலும்பு மண்ணோட கரைஞ்சுடுமாம், பல்கலைக்கழகத்துக்காரங்க சொன்னாங்க."

"எலும்பு கரையும், பல்லு கரையாது. பல்லாவது கிடைச்சிருக்கணுமே?" என்றார் கொர்ராதோ.

"உங்ககிட்ட புடுங்க வந்திருப்பான் டாக்டர்." மறுபடி சிரிப்பு. "இன்னொண்ணு கேளுங்க. இந்த மாதிரி தாயும் பிள்ளையும் குழியில, தாய் முகம் பிள்ளை பக்கம்தான் இருக்கும். இவ மட்டும் முதுகக் காட்டிப் படுத்திருந்தா. சுவத்தப் பாத்துக்கிட்டு. ஏன்னு யாருக்கும் தெரியல."

"எனக்குத் தெரியும்," என்றாள் எர்சிலியா. "ராத்திரி பூரா தூங்க விட்டிருக்க மாட்டான். பாவம், அவளுக்கும் ஒரு அஞ்சு நிமிஷம் வேணும்ல?"

தாய்மார்கள் எல்லோரும் வாய்விட்டுச் சிரித்தார்கள். சிரிப்பு சுவரில் மோதித் திரும்பியபோது, கூட்டம் சிரித்து முடித்த பிறகும் ஒரே ஒரு சிரிப்பு மட்டும் கொஞ்சம் பிந்தி நின்றது. சுரங்கத்தில் அப்படித்தான் கேட்கும் என்று எர்சிலியா நினைத்துக்கொண்டாள்.

நீர்த்தொட்டியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போதுதான் பல் விழுந்தது. நிவெஸ் "ஆ" என்றாள், உள்ளங்கையில் துப்பினாள், எச்சிலில் வழுக்கி அது நழுவியது. இரும்புத் தட்டில் இரண்டு முறை துள்ளிக் குழிக்குள் போய்விட்டது.

"என் பல்லு! அம்மா, என் பல்லு! தலகாணிக்கு அடியில வெக்கலேன்னா எலி வந்து பல்லை எடுத்துட்டுக் காசு வெக்காது!"

மேலே கோயில் மணி ஒன்றடித்தது. ஆசிரியர்கள் உணவகத்தில் மேசை சொல்லிவைத்திருந்தார்கள். ரெமிஜியோவின் மனைவி அடுப்பில் தண்ணீர் வைத்திருப்பாள். எல்லோர் முகத்திலும் பசி தெரிந்தது. நிவெஸ் அழுகையை ஆரம்பித்தால் எளிதில் நிறுத்தமாட்டாள்.

"நீ இவங்களோட மேல போ," என்றாள் எர்சிலியா. குழியில் இறங்க வசதியாக மேலே போட்டிருந்த நீலச் சட்டையைக் கழற்றிக் கைப்பையோடு சேர்த்து மகள் கையில் கொடுத்தாள். கைபேசியும் அந்தப் பைக்குள்தான் இருந்தது. "படிக்கட்டு உச்சியில உக்காந்து கண்ணை மூடி பத்து எண்ணு. முடிக்கறதுக்குள்ள வந்துருவேன்."

"நிச்சயமா?"

"நிச்சயமா. மெதுவா எண்ணு."

முன்னால் போய்க்கொண்டிருந்த ரெமிஜியோவுக்கு இது கேட்டதா என்று அவள் பார்க்கவில்லை. நடைபாதைக் கம்பிக்கு அடியில் நுழைய ஹெல்மெட் இடித்தது. கழற்றிக் கம்பியில் மாட்டிவிட்டு உள்ளே சரிந்தாள்.

குழிக்குள் மண்டியிட்டுச் சரளையைத் துழாவினாள். காலடிச் சத்தங்கள் குறுகல் வழியில் நுழைந்து, தேய்ந்து, படியேறின. தூரத்தில் நிவெஸின் குரல், "ஒண்ணு... ரெண்டு..." பல் போன சந்தில் காற்று நுழைந்து, அஞ்சு என்றபோது சின்னதாக ஒரு விசில் வந்தது. எர்சிலியாவுக்குச் சிரிப்பு வந்தது. பிறகு அமைதி. நீர் சொட்டும் சத்தம் மட்டும். யாருக்கும் அவள் தேவைப்படவில்லை. குழிச் சுவரில் முதுகைச் சாய்த்துக் கண்ணை மூடினாள். இன்னும் கொஞ்சம், என்று நினைத்தாள். அந்த நினைப்புக்காக அவள் தன்னை மன்னிக்கவே போவதில்லை.

கண்ணைத் திறந்து மறுபடி துழாவியபோது விரலில் பட்டுவிட்டது. பெரிய குழியில் அல்ல, பக்கத்துச் சின்னக் குழியின் ஓட்டு விளிம்பில். சிறு பல். ஆச்சரியமாக அதற்குள் சில்லிட்டிருந்தது.

"கிடைச்சிடுச்சு!" என்று கத்தினாள்.

மேலேயிருந்து பதில் வந்தது. அவளுக்கான பதில் இல்லை.

"பத்து! வந்துட்டியா அம்மா!"

எர்சிலியா எழுந்து நின்றாள். பிள்ளை விளையாடுகிறது என்று எண்ணினாள். கம்பிக்குக் கை நீட்டினாள். ஹெல்மெட் இல்லை. கம்பி நெடுகத் தடவினாள், கீழே பார்த்தாள். இல்லை.

பிறகு ரெமிஜியோவின் குரல், கதவருகே சிக்னல் கிடைத்ததும் அவன் எப்போதும் பேசும் உரத்த குரல். "ஆமாடி, கிளம்பிட்டேன். போடு, பாஸ்தாவப் போடு. எட்டு நிமிஷம், வெந்து குழையவிட்டுறாத. இரு... ஏழு, எட்டு, ஒன்பது... பன்னெண்டு. எல்லாம் வந்தாச்சு. போடு!"

ஒன்பது.

"ரெமிஜியோ! நான் இங்க இருக்கேன்!"

இரும்புக் கதவு மோதிய சத்தம் படிகளில் உருண்டு இறங்கி வந்தது. சாவி இரண்டு சுற்று. பிறகு விளக்குகள் எல்லாம் ஒன்றாக அணைந்தன.

இருட்டில் குறுகல் வழியை நோக்கி ஓடினாள். கூரை நெற்றியில் அடித்தது. கண்ணில் சூடாக ஏதோ வழிந்தது. கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து மீன்களைத் தாண்டினாள், முப்பத்தெட்டுப் படிகளையும் தவழ்ந்து ஏறினாள், இரு கையாலும் கதவை அடித்தாள். அதற்கு அப்பால் காவலறை, அதற்கும் அப்பால் இன்னொரு மரக்கதவு. கத்தினாள். தொண்டை கமறும் வரை கத்தினாள். ஞாயிறு ஒரு மணிக்கு காஸ்தெல்வேனாவில் வீட்டுக்கு வெளியே நிற்கிறவன் பைத்தியக்காரன். தட்டுகள் மேசைக்கு வந்திருக்கும், ஜன்னல் கதவுகள் சாத்தியிருக்கும். நான்கு மணிக்குத்தான் ரெமிஜியோ மறுபடி திறப்பான்.

படியில் உட்கார்ந்து மூச்சு வாங்கினாள். நிவெஸ் சொல்லிவிடுவாள், என்று தனக்குத்தானே சொன்னாள். அம்மா கீழே இருக்கிறாள் என்று அழுவாள். ஊரையே கூட்டிவிடுவாள். அந்தப் பிள்ளை அழுதால் பாஸ்தாவையும் விட்டுவிட்டு வருவார்கள்.

காதைக் கதவில் வைத்துக் காத்திருந்தாள்.

யாரும் அழவில்லை.

அதுதான் அவளை அச்சுறுத்தியது. பூட்டிய கதவோ இருட்டோ இல்லை. அழ வேண்டிய பிள்ளை அழவில்லை. வந்துட்டியா அம்மா என்றதே. யாரைப் பார்த்து?

வெளிச்சம் இருந்தது ஒரே இடத்தில். நீர்த்தொட்டிக் கிராதி. நேர் மேலே சதுக்கம். வீட்டுக்குப் போகிறவர்கள் அதை மிதித்துத்தான் போக வேண்டும். ஆனால் அங்கே போக, மறுபடி குழிகள் அறையைத் தாண்ட வேண்டும். எர்சிலியா இறங்கினாள். மீன்கள். குறுகல் வழி. நடைபாதையில் கால் வைத்ததும் கீழே சரளை லேசாகச் சரிந்தது. தான் கலைத்த மண்தான், என்று நினைத்தாள். மறுபடி சரிந்தது. அவள் நின்றாள். அதுவும் நின்றது. திரும்பிப் பார்க்காமல் ஓடினாள்.

நீர்த்தொட்டியில் வெளிச்சக் கட்டத்துக்கு நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தாள். இரண்டு ஆள் உயரம். பிடித்து ஏற ஒன்றும் இல்லை. கிராதிக்கு மேல் நீல வானம், ஒரு மாடி முனை, காயப்போட்ட துணி. பூண்டு வதங்கும் வாசனை வந்தது. யாரோ தட்டில் முள்கரண்டி வைக்கும் சத்தம். எல்லாம் கைக்கு எட்டாமல், மிகப் பக்கத்தில்.

காலடிகள்.

முதலில் நிவெஸின் செருப்பு, ஸ்ட்ராபெரிப் படம் போட்டது. கீழிருந்து அடிப்பாகம் தெரிந்தது. பக்கத்தில் இன்னொரு ஜோடி. வெறுங்கால். சுண்ணாம்பு நிறப் பாதங்கள். விரல் இடுக்குகளில் ஈரமண். கம்பிகளின் மேல் அந்த விரல்கள் மெதுவாக விரிந்து பிடித்தன.

"அம்மா, உன் கை ஏன் இவ்ளோ சில்லுனு இருக்கு?"

"கீழ குளிருல்ல. அதான்."

எர்சிலியாவின் குரல். அவளுடையதேதான். கைபேசியில் பதிவான தன் குரலைக் கேட்கும்போது வரும் அதே கூச்சம் அவள் முதுகில் ஏறியது.

"நிவெஸ்! நிவெஸ், கீழ பாரு! அம்மா இங்க இருக்கேன்!"

செருப்புகள் நின்றன. பிள்ளை குந்தி உட்கார்ந்தது. கிராதிக்கு மேல் அந்தச் சின்ன முகம். நெற்றி சுருங்கியது.

"அம்மா... கீழ யாரோ இருக்காங்க. மூஞ்சி பூரா ரத்தம்."

"நான்தான்டி தங்கம்! அம்மா! அவ கையை விடு. வீட்டுக்கு ஓடு. யார் வீட்டுக்காவது ஓடு!" எர்சிலியா கையை உயர்த்தினாள். விரல் நுனியில் பல். "இங்க பாரு, உன் பல்லு. எடுத்துட்டேன். சொன்னேன்ல, எடுத்துட்டேன்!"

நிவெஸ் தன் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள். கீழே இருப்பவளுக்கும் காட்டினாள். அதில் ஒரு சிறு வெள்ளைப் பல் இருந்தது, வேரில் இன்னும் காயாத ரத்தத்தோடு.

"என் பல்லு இங்க இருக்கே. அம்மா எடுத்துட்டு வந்துட்டா." குரல் உடைந்தது. "அம்மா, எனக்கு பயமா இருக்கு. அவங்க என்னைக் கூப்பிடறாங்க."

"பாக்காத. கண்ணை மூடிக்க."

பிள்ளை எழுந்து பக்கத்தில் நின்றவளின் இடுப்பில் முகத்தைப் புதைத்தது. எர்சிலியாவின் நீலச் சட்டையில் புதைத்தது. எர்சிலியா அலறினாள். பெயர் சொல்லி அலறினாள். ஒவ்வொரு அலறலுக்கும் அந்தச் சின்னக் கைகள் சட்டையை இன்னும் இறுக்கிப் பிடித்தன. அதைப் பார்த்து அவள் அலறுவதை நிறுத்தினாள். தன் பிள்ளை தன்னைக் கண்டே நடுங்குகிறது.

அப்போது மற்றவள் குந்தினாள். வெயில் அவளுக்குப் பின்னால் இருந்தது. முகம் வெறும் இருட்டு. செம்பட்டை முடி கம்பிகளுக்கு இடையே வழிந்து முழங்கை நீளம் உள்ளே தொங்கியது. அதிலிருந்து பொடிமண் எர்சிலியாவின் கன்னத்தில் உதிர்ந்தது. ஊறிய இலை வாசனை. அவள் மிகத் தணிந்த குரலில் பேசினாள். அதில் கோபம் இல்லை. பல வருடம் தூங்காத ஒருத்தியின் அசதி மட்டும் இருந்தது.

"அவன் கேட்டா பல்லைக் குடுத்துடு. அழ விடாதே. அழ ஆரம்பிச்சா நிறுத்த மாட்டான்."

முடி மேலே இழுபட்டது. பாதங்கள் கம்பிகளை விட்டன. ஸ்ட்ராபெரிச் செருப்புகள் அவற்றோடு ஓட்டமும் நடையுமாகப் போயின. கொஞ்ச தூரத்தில் நிவெஸ் ஏதோ கேட்டாள், எர்சிலியாவின் குரல் ஏதோ சொன்னது, நிவெஸ் சிரித்தாள்.

பிறகு சதுக்கத்தில் யாரும் இல்லை.

நான்கு மணி, என்றாள் எர்சிலியா. வாய்விட்டுச் சொன்னாள். நான்கு மணிக்குத் திறப்பான். மூன்று மணி நேரம்கூட இல்லை. திறந்ததும் ஓட வேண்டும். வீடு நான்கு தெரு தள்ளித்தான். வெளிச்சக் கட்டத்தை விட்டு நகரக் கூடாது. பல்லை உள்ளங்கையில் வைத்து மூடினாள். எறிந்துவிட நினைத்தாள். கை வரவில்லை.

குழிகள் அறையில் சரளை சரிந்தது.

நின்றது.

"ஒண்ணு," என்றது ஒரு குரல்.

மிகச் சின்னக் குரல். நெடுநாள் பேசாத குரல்.

"ரெண்டு."

இரும்பு நடைபாதை அதிர்ந்தது. கனமே இல்லாத கால்கள்.

"மூணு... நாலு..."

சுவரோடு ஒட்டினாள். சுவருக்குப் பின்னால் சுவர்தான். மேலே ஒரு மேகம் வந்து வெளிச்சக் கட்டத்தைத் தரையோடு துடைத்து எடுத்தது.

"அஞ்சு."

பல் போன சந்தில் காற்று நுழைந்து ஒரு விசில்.

எர்சிலியா கண்ணை மூடிக்கொண்டாள். ஆறு, பக்கத்தில். ஏழு. எட்டு, முழங்கால் உயரத்தில். ஒன்பதில் அது மூச்சு வாங்கியது.

"பத்து," என்றது. "வந்துட்டியா அம்மா?"

இறுக மூடிய அவள் கையைக் குளிர்ந்த சின்ன விரல்கள் தேடிக் கண்டுபிடித்து, அவசரமில்லாமல், சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிக்கத் தொடங்கின.